விரல் கேட்கும் இயந்திரம்

(திருவள்ளூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று வங்கிச் செயலி கேட்கும். நாமும் சிமிட்டுவோம். பச்சைக் குறி வரும், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். கேமராவுக்கு எதிரே இருப்பது உயிருள்ள ஆளா, யாரோ நீட்டுகிற புகைப்படமா என்று கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு அது. பிரக்யா பிரசுன் அமில வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர். அவரால் சிமிட்ட முடியாது. 2023-இல் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனவர் இந்த ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தனியாக ஒரு மனுப் போட்டிருந்தார். இரண்டையும் சேர்த்து விசாரித்து 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. அமர்வில் இருந்தவர்கள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும். தீர்ப்பை எழுதிய மகாதேவன் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து அங்கே போனவர்.

அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு கொடுக்கிற வாழ்வுரிமைக்குள் டிஜிட்டல் அணுகலும் அடக்கம் என்றது நீதிமன்றம். கூடவே 20 உத்தரவுகள். சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும், கைநாட்டின் படத்தையும் ஏற்க வேண்டும், காகித வழியை மூடிவிடக் கூடாது, மென்பொருளை வெளியிடும் முன் நடக்கும் சோதனையில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

தீர்ப்பைப் பாராட்டலாம், பாராட்டவும் வேண்டும். ஆனால் மென்பொருள் எழுதுகிறவன் அதைப் படித்தால் முதலில் கூச்சம்தான் வரும். நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து விசாரித்த பொருள் என்ன? ஒரு நிரலாளர் ஒரு திரையில் இன்னொரு வாய்ப்பைச் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. தலையை இடப்பக்கம் திருப்பச் சொல்லலாம். திரையில் காட்டும் எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்லலாம். தலையைத் திருப்ப முடியாதவருக்கு எண், எண்ணைப் பேச முடியாதவருக்குத் தலை. இரண்டும் முடியாதவருக்கு ஒரு மனிதரோடு வீடியோ அழைப்பு. எந்த வழியை வைத்தாலும் அதில் நுழைய முடியாத ஒருவர் இருப்பார். ஆகவே வழி ஒன்றாக இருக்கக் கூடாது. இந்தத் துறையில் பாதிப் பாடம் இவ்வளவுதான்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆலைகளுக்கு வருகைப்பதிவும் சம்பளக் கணக்கும் போடுகிற மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதனால் வங்கியை விட்டுவிட்டு என் பிழைப்புக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு வருகிறேன். ஆலை வாசலில் செக்யூரிட்டி அறையை ஒட்டிச் சுவரில் மாட்டியிருக்குமே, 'பஞ்சிங் மெஷின்', அதற்கு.

நம் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். ரோலிங் மில், ஃபவுண்டரி, உதிரிபாகம் அடிக்கிற பிரஸ் ஷாப், ரசாயன ஆலை எல்லாம் அங்கே உண்டு. பவர் பிரஸ் ஓடுகிற இடத்தில் விரல் போகும். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுப்பதற்குள் பிரஸ் இறங்கிவிடும். சென்சார் இருக்கும், உற்பத்தி குறைகிறது என்று அதை யாரோ அணைத்து வைத்திருப்பார்கள். இங்கே வந்திருக்கும் தொழிலாளர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போகிறது என்று கணக்குப் போட்டு வைத்த அட்டவணை. கட்டைவிரல் 30. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. மனிதக் கையை இப்படிக் கூறு போட்டு விலை வைத்ததில் ஒரு கொடூரம் இருக்கிறது, அது இருக்கட்டும். அந்த அட்டவணை ஆட்காட்டி விரலுக்கு 14 போட்டது. வாசலில் இருக்கும் இயந்திரமோ நூறு போடுகிறது. பெரும்பாலும் பதிந்து வைப்பது ஆட்காட்டி விரலையோ கட்டைவிரலையோதான். அது இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று பொருள். வராதவனுக்கு அன்றைய சம்பளம் கிடையாது.

விரல் போனவர்கள் சிலர்தான் என்பீர்கள். ரேகை தேய்ந்தவர்கள் எத்தனை பேர்? செங்கல் தூக்குகிறவர், சிமென்டில் கை வைக்கிறவர், ஃபவுண்டரியில் மணலோடு புழங்குகிறவர், பாத்திரம் தேய்க்கிற அம்மா என்று எல்லோரையும் இந்த இயந்திரம் தினம் இரண்டு தடவை அவமானப்படுத்துகிறது. விரலை வைப்பார், 'மீண்டும் முயல்க' என்று வரும். சட்டையில் துடைப்பார், எச்சில் தொட்டு வைப்பார், பின்னால் வரிசை முணுமுணுக்கும். நான் பார்த்த ஓர் ஆலையில் இதற்கென்றே இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஈரத்துணி ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கோடு கோடாக நிரல் எழுதித் தீர்க்காததை ஒரு துணி தீர்த்துக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் அட்டை காட்டும் வசதி உண்டு, ரகசிய எண் அடிக்கும் வசதியும் உண்டு. நிர்வாகத்திரையில் ஒரு டிக் அடித்தால் குறிப்பிட்ட ஆளுக்கு மட்டும் அதைத் திறந்துவிடலாம். ஆனால் ஒருவனுக்காக இன்னொருவன் பஞ்ச் வைத்துவிடுவானோ என்கிற பயத்தில் எல்லோருக்கும் மூடி வைத்திருப்பார்கள். ஆதாரில்கூட விரலோ விழியோ இல்லாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவு உண்டு. கோடிக்கணக்கான பேரைப் பதிவு செய்கிற அரசு ஏற்பாடு ஒப்புக்கொள்கிற விஷயத்தை முந்நூறு பேர் வேலை செய்கிற ஆலையின் மென்பொருள் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது? விதிவிலக்கு என்பதை எங்கோ மூலையில் ஒளித்து வைக்காமல், ஆளைப் பதிவு செய்கிற முதல் திரையிலேயே 'விரல், முகம், அட்டை, எண்: எது உங்களுக்கு வசதி?' என்று கேட்டால் போதும்.

இப்போது விரலிலிருந்து முகத்துக்கு மாறி வருகிறோம். 2025 ஆகஸ்டிலிருந்து புதிதாக வேலைக்குச் சேருகிறவர் வைப்புநிதிக்கான யூஏஎன் எண் பெற வேண்டுமானால் உமங் செயலியில் முகம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். விரல் தேய்ந்தவருக்கு இது நிம்மதி. பார்வையில்லாதவருக்கு? 'முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்' என்று இப்படிப்பட்ட திரைகள் எழுதிக் காட்டும். வட்டம் எங்கே இருக்கிறதென்று கண்ணில்லாதவருக்கு எப்படித் தெரியும்? 'கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் மேலே, அப்படியே இருங்கள்' என்று குரலில் வழிசொன்னால் அவரே செய்துகொள்வார். செல்ஃபி எடுக்கும்போது இப்படிச் சொல்கிற வசதி சில கைபேசிகளில் எப்போதோ வந்துவிட்டது. பொழுதுபோக்குக்கு இருக்கிறது, பிழைப்புக்கு இல்லை.

மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் பூவிருந்தவல்லி. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி அங்கே விடுதலைக்கு முன்பிருந்தே நடந்து வருகிறது. பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், பிரெய்ல் அச்சகமும் அதே ஊரில். அங்கே பள்ளி முடித்துக் கல்லூரி போன பிள்ளைகள் இன்று கணினியில் வேலை செய்கிறார்கள். எப்படி என்று கேட்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். திரைவாசிப்பான் என்றொரு மென்பொருள் திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும். கணினியில் என்விடிஏ, ஜாஸ், ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். பழகியவர்கள் அதை வைக்கும் வேகத்துக்கு நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவர்கள் சாவதானமாகக் கேட்டுக்கொண்டே தட்டுவார்கள்.

அந்தத் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு ஒரு ஆலையின் ஊழியர் செயலியைத் திறந்து பாருங்கள். முதல் திரையில் அழகழகாய் மூன்று படக்குறிகள் இருக்கும். விரலால் தடவினால் குரல் சொல்லும்: "பெயரிடப்படாத பொத்தான்." அடுத்தது: "பெயரிடப்படாத பொத்தான்." அதற்கும் அடுத்தது: "பெயரிடப்படாத பொத்தான்." மூன்றில் ஒன்று விடுப்பு விண்ணப்பம், ஒன்று பேஸ்லிப், ஒன்று ராஜினாமா. எதை அமுக்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இதைச் சரி செய்ய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு படக்குறிக்கும் 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் 'விடுப்பு விண்ணப்பம்' என்று எழுத வேண்டும். அவ்வளவே. வலைப்பக்கமானால் பொத்தானைப் பொத்தானாகவே எழுத வேண்டும். நம் பிள்ளைகளுக்கு எதையும் 'டிவ்' என்கிற வெறும் பெட்டியாகப் போட்டு அதற்கு நிறமும் நிழலும் பூசிப் பொத்தான்போல் ஆக்கிவிடுகிற பழக்கம் இருக்கிறது. கண்ணுக்கு அது பொத்தான், திரைவாசிப்பானுக்கு வெறும் எழுத்து. சுட்டியால் சொடுக்கலாம், டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் அதன்மேல் நிற்காது, தாண்டிப் போய்விடும். கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க முடியாதவரும் விசைப்பலகையைத்தான் நம்பியிருக்கிறார். தேதி போடுகிற கட்டத்தில் குட்டி நாட்காட்டி ஒன்று துள்ளி வரும். அதற்குள் போன விசை வெளியே வராது. ஓடிபி வந்திருப்பதைத் திரைவாசிப்பான் சொல்லி, எண்ணை மனதில் வாங்கி, செயலிக்குத் திரும்பி அடிப்பதற்குள் முப்பது விநாடி ஓடிவிடும். மறுபடி ஓடிபி, மறுபடி முப்பது விநாடி.

அமெரிக்காவின் வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் உலகின் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதிக்கிறது. 2025-இல் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. கண்ட பிழைகளில் 96 சதவீதம் ஆறே வகைக்குள் அடங்குகிறது. மங்கலான எழுத்து, விளக்கமில்லாத படம், பெயரில்லாத நிரப்புக் கட்டம், காலியான இணைப்பு, காலியான பொத்தான், பக்கத்தின் மொழி எதுவென்று சொல்லாமல் விட்டது. ஆறில் ஒன்றுகூடக் கஷ்டமான வேலை இல்லை. கஷ்டமாக இருந்தால் செய்திருப்போம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. நம்மவர்களுக்குக் கஷ்டமான வேலையில்தான் ஆர்வம்.

அந்த ஆறாவது பிழையில் தமிழர்களுக்குத் தனிப் பங்கு உண்டு. பக்கத்தின் தலையில் 'இது தமிழ்' என்று குறிக்க இரண்டு எழுத்து போதும். குறிக்காவிட்டால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துக்கு முன்னால் விழிக்கும். சில சமயம் மௌனமாகத் தாண்டிவிடும். இதைவிடப் பெரிய தொல்லை பழைய எழுத்துருக்கள். பாமினியில் அடித்த ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் உங்களுக்கும் எனக்கும் திரையில் அழகாகத் 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது தமிழ் இல்லை, ஆங்கில விசைகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். 'தமிழ்' என்ற சொல்லை அது "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று படிக்கும். ஒரு முழு நிலையாணையை, ஒரு விபத்துத் தடுப்புச் சுற்றறிக்கையை இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டு அது. அதற்குப் பிறகும் டிடிபி கடைகளிலும் ஆலைகளின் எச்ஆர் அறைகளிலும் பழைய எழுத்துரு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கூட்டம் யூனிகோடில் அடித்து, காகிதத்தில் எடுத்து, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குகிறது. கையில் இருந்த எழுத்தைப் படமாக்கி அனுப்புகிற இந்தக் கலையில் நமக்கு ஈடு யாருமில்லை. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம். ஷிஃப்ட் மாற்றம் வாட்ஸ்அப் குழுவில் பலகையின் போட்டோவாக வரும், பார்வையில்லாதவருக்குப் புரியாது. மறுநாள் மேற்பார்வையாளர் சோம்பல்பட்டுக் குரல் செய்தியாகப் போடுவார், காது கேளாதவருக்குப் புரியாது. இரண்டு வரி தட்டச்சு செய்தால் இருவருக்கும் போய்ச் சேரும்.

காது கேளாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலைகள் விரும்பி வேலைக்கு எடுக்கும் மாற்றுத்திறனாளிகள் அவர்கள்தான். இரைச்சலில் நின்று வேலை செய்வார்கள், பேசி நேரம் போக்க மாட்டார்கள் என்று முதலாளிகள் சிலர் அதை ஒரு பாராட்டாகவே சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் பெரிய மரியாதை இல்லை. எடுத்த பிறகு பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒரு வீடியோ ஓட்டுவார்கள். அதில் எழுத்து வராது. இயந்திரம் பழுதானால் சங்கு ஊதும், திரையில் எதுவும் மின்னாது. எதிர்ப்பக்கமும் உண்டு. கட்டுப்பாட்டுத் திரையில் ஓடுகிற மோட்டாருக்குப் பச்சை வட்டம், நின்ற மோட்டாருக்குச் சிவப்பு வட்டம், வேறு எந்த வித்தியாசமும் இருக்காது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்த ஆலையிலும் சிலர் இருப்பார்கள். அவர்களில் பலர் வெளியே சொல்வதில்லை, வேலை போய்விடும். வட்டத்துக்குள் 'ஓடுகிறது', 'நின்றது' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நம்மூரில் ஒழுங்காக நடந்த வேலை ஒன்றையும் சொல்கிறேன். சென்னையில் வித்யாசாகர் என்ற அமைப்பு பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளோடு 1985-லிருந்து வேலை செய்கிறது. பேச்சு வராத குழந்தை படத்தைத் தொட்டால் அது குரலாக வரும் கருவிகள் அன்று வெளிநாட்டில்தான் கிடைத்தன. விலை நம் வீடுகளுக்கு எட்டாது, பேசுவதும் ஆங்கிலம். சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன் வித்யாசாகரின் ஆசிரியர்களோடும் குழந்தைகளோடும் உட்கார்ந்து 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். முதலில் தனிக் கருவி, பிறகு டேப்லெட் செயலி. 2011-இல் எம்ஐடியின் தொழில்நுட்ப இதழ் 35 வயதுக்குட்பட்ட புதுமையாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. பரிசைவிட நான் கவனிக்கச் சொல்வது அவர் வேலை செய்த வரிசை. பயன்படுத்தப்போகிறவர் பக்கத்தில் முதலில் போய் உட்கார்ந்தார். நிரல் அதற்குப் பிறகு.

என்விடிஏ கதை இன்னும் ஒரு படி மேலே. ஜாஸ் என்ற திரைவாசிப்பானை உருவாக்கிய டெட் ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், விபத்தில் பார்வை இழந்தவர். நல்ல மென்பொருள், ஆனால் விலை, அது ஓடுகிற கணினியின் விலையையே தொட்டது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல், பார்க்கிறவனுக்குத் திரை இலவசமாகக் கிடைக்கும்போது பார்க்காதவன் மட்டும் ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டுத் தானே எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், அவரும் பார்வையற்றவர். இன்று இந்தியாவில் எத்தனையோ பேர் வேலை செய்வது அந்த இலவச மென்பொருளில்தான். அது தமிழ் பேச வேண்டுமானால் தமிழ்க் குரல் வேண்டும். ஈஸ்பீக் என்ற குரல் தமிழ் படிக்கும், ஆனால் தகரம் தட்டுவதுபோல் இருக்கும். காதுக்கு இதமான குரலுக்காகச் சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழுவும் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களும் மத்திய அரசின் இந்திய மொழிக் குரல் திட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அவர்கள் குரல் செய்துவிட்டார்கள். அந்தக் குரல் படிப்பதற்கு நாம் பொத்தானுக்குப் பெயர் எழுதிவைக்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் 11 லட்சத்துக்கும் மேல். 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற புதிய சட்டத்துக்கு முந்தைய கணக்கு அது. சேவை தருகிற எவரும், தனியாரும்தான், விதிகள் அறிவித்த இரண்டு ஆண்டுக்குள் தம் சேவையை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2019 ஜூனோடு போயிற்று. முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய். அடுத்தடுத்த மீறலுக்கு ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தது செல்லாது, கட்டாய விதி வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சொன்னது. தரநிலை எங்கே என்று யாரும் கேட்க முடியாது: ஐஎஸ் 17802 என்று நம் பிஐஎஸ் வெளியிட்டதே இருக்கிறது, உலக அளவில் டபிள்யூசிஏஜி இருக்கிறது. ஒரு ஓட்டையையும் சொல்ல வேண்டும். வேலையில் இருக்கும்போது ஊனமானவரை வெளியே அனுப்பக் கூடாது என்கிற 20ஆம் பிரிவின் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்குத்தான். கும்மிடிப்பூண்டி பிரஸ் ஷாப்பில், அதுவும் கான்ட்ராக்டர் வழியாக வந்த ஒடிசாப் பையனுக்கு, அது கிடையாது. அவன் விரலைக் கேட்கிற இயந்திரம் மட்டும் உண்டு.

இங்கே இருக்கும் மென்பொருள் முதலாளிகளுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஒரு வரி நிரலைச் சேருங்கள், உங்கள் தளம் முழுக்க அணுகத்தக்கதாகிவிடும்' என்று விற்க வருவார்கள். ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் ஒன்று முளைக்கும். பெயரில்லாத பொத்தானுக்கு அது பெயர் கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கும். திரைவாசிப்பானோடு மோதி, ஓடுவதையும் நிறுத்தும். இப்படி மிகைப்படுத்தி விற்ற ஆக்சஸ்பி என்ற நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வீடு கட்டும்போது நிலைப்படியை அகலமாக வைக்காமல், கட்டி முடித்த பிறகு வாசலில் 'அகலம்' என்று பலகை மாட்டுகிற வேலை இது.

சரி, யார் செய்ய வேண்டும்? மென்பொருள் எழுதுகிறவன் நல்லவனாக இருந்தால் போதும் என்று நான் நம்பவில்லை. நானும் என்னைப் போன்ற சின்னக் கம்பெனிக்காரர்களும் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியிருப்பதைச் செய்வோம், எழுதாததைச் செய்ய மாட்டோம். ஆகவே வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலோ தேர்வாய்க்கண்டிகையிலோ ஓர் ஆலை சம்பள மென்பொருள் வாங்கும்போது மூன்று வரி சேர்க்கட்டும். விசைப்பலகை ஒன்றைக்கொண்டே எல்லாத் திரையும் இயங்க வேண்டும். டாக்பேக்கில் ஓர் ஊழியர் தானாக விடுப்பு விண்ணப்பித்து, பேஸ்லிப் பார்க்க முடிய வேண்டும். வருகைப்பதிவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். இந்த மூன்றும் ஓடிக் காட்டாமல் கடைசித் தவணைப் பணம் கிடையாது. அப்புறம் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் நாங்கள் கற்றுக்கொள்கிறோம் என்று.

சோதனைக்கு ஆள் எங்கே என்று கேட்காதீர்கள். பூவிருந்தவல்லி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அழைத்து வந்து, காபி கொடுத்து, 'உங்கள் கருத்து எங்களுக்குப் பெரிய பாக்கியம்' என்று சால்வை போர்த்தி அனுப்பாதீர்கள். மற்ற சோதனையாளருக்கு என்ன கூலியோ அதைக் கொடுங்கள். அவர் சொல்கிற பிழையைப் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் போடாமல், பணம் தப்பாகக் கணக்காகும் பிழைக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இப்போது மாணவர்களுக்கு. கடைசி ஆண்டு புராஜெக்ட் என்றால் பார்வையற்றோருக்கு 'ஸ்மார்ட் ஸ்டிக்'. கல்லூரி கல்லூரியாகப் போனவன் சொல்கிறேன்: அல்ட்ராசோனிக் சென்சார், பஸ்ஸர், ஒரு ஆர்டுயினோ பலகை, அதைச் சுற்றி செல்லோடேப். தடை வந்தால் பீப். பார்வையற்றவர் கையில் இருக்கும் வெள்ளைக் கோல் அந்த வேலையைப் பேட்டரி இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அவரை உண்மையில் தடுத்து நிறுத்துவது நடைபாதை என்றால் அது மாநகராட்சி வேலை. தேர்வு முடிவுப் பக்கம் என்றால் அது உங்கள் வேலை. எழுத்தை வளைத்து நெளித்துப் படமாகக் காட்டுகிற கேப்ட்சாவைத் தாண்ட முடியாமல் தன் மதிப்பெண்ணை நண்பனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பார்வையற்ற மாணவர், தேடினால் உங்கள் கல்லூரியிலேயே கிடைப்பார். அவரைக் கண்டுபிடியுங்கள். கல்லூரியின் தளத்தை, நூலகப் பட்டியலை, விடுதி விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, பிழைகளை எழுதி, திருத்தி, அதைப் புராஜெக்டாகக் கொடுங்கள். ஸ்டிக் அளவுக்கு மேடையில் காட்ட அழகாக இருக்காது. மதிப்பெண்ணும் குறையலாம், பேராசிரியர்கள் இங்கேயே இருக்கிறார்கள், குறைக்க வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்விகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு வேலை. ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் டாக்பேக்கை இயக்குங்கள். ஒரு தடவை தட்டினால் பெயர் சொல்லும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரலால் நகர்த்தினால்தான் பக்கம் நகரும். திரையை அணைத்ததுபோல் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கல்லூரிச் செயலியிலோ ஆலைச் செயலியிலோ நாளைக்கு ஒரு நாள் விடுப்பு விண்ணப்பித்துப் பாருங்கள். தவறிப்போய் ராஜினாமாவை அமுக்கினால் நான் பொறுப்பில்லை. டாக்பேக்கை நிறுத்தத் தெரியாமல் பாதிப் பேர் பதறிப்போவீர்கள்; ஒலியைக் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பொத்தான்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் நின்றுவிடும். முதலில் யார் கேட்கிறீர்கள்?